வாசகர் கேள்வி - பதில்: ஃபாஃப்சாவும் பழைய பதிவேடும்

கேள்வி: 2022-ல் எங்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபோது மகளுக்கு 15 வயது, கிரீன் கார்டு (நிரந்தரவாசி அட்டை) இருந்தது. கல்லூரிக்கான மத்திய அரசு நிதியுதவி கேட்கும் ஃபாஃப்சா படிவத்தில் இப்போது அவளைக் குடிமகள் என்று குறித்தோம். உறுதிசெய்ய முடியவில்லை என்று பதில் வந்திருக்கிறது. தவறாகக் குறித்துவிட்டோமா?
- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: சரியாகத்தான் குறித்திருக்கிறீர்கள். கிரீன் கார்டு உள்ள, 18 வயது நிரம்பாத பிள்ளை, குடியுரிமை பெற்ற தாய் அல்லது தந்தையின் பொறுப்பில் அமெரிக்காவில் வசித்தால் அந்தப் பிள்ளைக்கும் குடியுரிமை தானாக வந்துவிடும். 2001 பிப்ரவரி 27 முதல் இதுதான் சட்டம். ஆனால் ஃபாஃப்சா ஒப்பிட்டுப் பார்ப்பது சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை) பதிவேட்டை. கிரீன் கார்டு காலத்தில் வாங்கிய சோஷியல் செக்யூரிட்டி எண் என்றால், அங்கே உங்கள் மகள் இன்னும் வெளிநாட்டவர்தான். நாமாகப் போய்ச் சொன்னாலொழிய அது மாறாது.

முதலில் மகளின் அமெரிக்க பாஸ்போர்ட்டைக் கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் காட்டுங்கள். இது தீரும்வரை பணம் வராது. பாஸ்போர்ட் இல்லையென்றால் உடனே எடுங்கள். என்-600 விண்ணப்பம் போட்டு வாங்கும் குடியுரிமைச் சான்றிதழும் செல்லும், ஆனால் கட்டணம் பல மடங்கு, வர மாதக்கணக்காகும். பிறகு சோஷியல் செக்யூரிட்டி அட்டைக்கான எஸ்எஸ்-5 படிவத்தோடு அசல் பாஸ்போர்ட்டைச் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். நகலை ஏற்க மாட்டார்கள். கட்டணமில்லை, எண்ணும் மாறாது.

பெயரையும் பாருங்கள். நம்மவர்களுக்கு அதிகம் இடிப்பது இதுதான். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் முதல் பெயர் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்து, உண்மைப் பெயர் கடைசிப் பெயராகிவிடும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல், ஃபாஃப்சாவிலும் எழுத வேண்டும்.

கேள்வி: மகன் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கானது) இருக்கிறான். கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போட்டு, வேலை அனுமதி அட்டை வந்துவிட்டது. ஃபாஃப்சா மூலம் பணம் கிடைக்குமா?
- வாசகர், ஃப்ரிமான்ட், கலிபோர்னியா

பதில்: கிடைக்காது. அந்த அட்டை வேலை செய்யத்தான் அனுமதி. நிரந்தரவாசி ஆனதற்குச் சான்றல்ல. கிரீன் கார்டுக்கு ஒப்புதல் வந்த அன்றே படிவத்தில் ‘தகுதியுள்ள வெளிநாட்டவர்’ என்று திருத்தி, ஏ-எண்ணை (குடியேற்றத் துறை தரும் வெளிநாட்டவர் பதிவு எண்) எழுதி, கல்லூரிக்குச் சொல்லிவிடுங்கள். எட்டு இலக்க எண் என்றால் முன்னால் ஒரு பூஜ்யம் சேருங்கள். அதுவரை கல்லூரிகளின் சொந்தப் பணத்தைத் தேடுங்கள். தனியார் கல்லூரிகள் சில, சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற தனி நிதியுதவிப் படிவத்தைப் பார்த்து விசா மாணவர்களுக்கும் உதவுகின்றன.

கேள்வி: மகன் இங்கே பிறந்தவன். நாங்கள் எச்-1பி, எச்-4. எங்கள் விசா தடையாகுமா?
- வாசகி, டாலஸ்

பதில்: ஆகாது. மாணவரின் நிலைதான் கணக்கு. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரும், ‘எண் இல்லை’ என்று குறித்து ஃபாஃப்சாவுக்கான ஸ்டூடன்ட்எய்ட் அரசு இணையதளத்தில் கணக்குத் தொடங்கலாம்.