எடிசனின் அம்மா படித்துக் காட்டாத கடிதம்

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகனை ‘மந்தம்’ என்று பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்பும் ஆசிரியர் சொல்லிவிட்டார். அவனும் பக்கத்தில்தான் இருந்தான். எடிசனின் அம்மாவுக்கும் பள்ளியிலிருந்து இப்படித்தான் கடிதம் வந்ததாம். ‘உங்கள் மகன் மேதை, அவனுக்குச் சொல்லித்தர எங்களிடம் ஆசிரியர் இல்லை’ என்று அவர் மாற்றிப் படித்தாராம். ‘மூளை வளர்ச்சி இல்லாதவன்’ என்று அதில் எழுதியிருந்தது பிற்காலத்தில்தான் எடிசனுக்குத் தெரிந்ததாம். மூன்று மாதம் மட்டுமே பள்ளிக்குப் போன அவர் மேதையாகவில்லையா? நானும் என் மகனை நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், கரூர்

பதில்: சகோதரி, அந்தக் கடிதக் கதை உண்மையல்ல. அப்படி ஒரு கடிதத்தை இன்றுவரை யாரும் காட்டியதில்லை. நடந்தது என்ன என்பதை எடிசனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரன் என்ற ஊரில் அவர் சிறுவனாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். பார்வையிட வந்த அதிகாரியிடம் ஆசிரியர், இந்தப் பையன் மூளை குழம்பியவன், இவனைப் பள்ளியில் வைத்திருந்து பயனில்லை என்று சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அம்மா நான்சி மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்து, உங்களைவிட இவனுக்கு மூளை அதிகம் என்று ஆசிரியரிடம் கோபமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, மகனிடம் நான்சி எதையும் மறைக்கவில்லை. மறைக்க வழியும் இல்லை, அவன்தான் கேட்டுவிட்டானே. உங்கள் மகனும் கேட்டுவிட்டான். அதனால்தான் இந்தக் கதையை இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறேன். ஒரு தாய் பல ஆண்டுகள் பட்ட பாட்டை அது ஒரு நிமிடப் பொய்யாகச் சுருக்கிவிடுகிறது.

நான்சி திருமணத்துக்கு முன் கனடாவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஏழு பிள்ளைகள் பெற்று மூவரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். 1847-ல் பிறந்த எடிசன்தான் கடைக்குட்டி. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே பாடம் சொல்லிக்கொடுத்தார். மனப்பாடம் செய் என்று அடிக்கவில்லை. ரோமப் பேரரசு விழுந்த கதையைக் கிப்பன் எழுதிய வரலாற்றிலிருந்தும், இங்கிலாந்தின் கதையை ஹியூம் எழுதிய வரலாற்றிலிருந்தும் படித்தார்கள். நம் வீடுகளில் பெரியவர்களே எடுக்கத் தயங்கும் தடிமனான புத்தகங்கள் அவை. ஒவ்வொரு நல்ல புத்தகத்தைப் படித்து முடிக்கும்போதும் அப்பா கையில் காசு கொடுத்ததாகவும் சொல்வார்கள். அப்புறம் பார்க்கர் எழுதிய பள்ளி இயற்பியல் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. அதிலிருந்த சோதனைகளையெல்லாம் பையன் வீட்டின் நிலவறையில் செய்து பார்க்கத் தொடங்கினான். யாரும் தொடக் கூடாது என்பதற்காக இருநூறு புட்டிகளில் ‘விஷம்’ என்று எழுதி ஒட்டியிருந்தானாம். கீழே என்ன வெடிக்குமோ என்ற பயத்தோடுதான் அந்த அம்மா மேலே சமைத்திருப்பார். ஆனாலும் அறையைப் பூட்டிவிடவில்லை.

மகனை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள். நிறுத்தியபின் தினமும் அவனோடு உட்காரப்போவது யார்? உங்கள் கடிதத்தில் அது இல்லையே. நீங்களோ வீட்டில் வேறொருவரோ பொறுமையோடு உட்கார முடியுமென்றால் மட்டும் மேற்கொண்டு பேசலாம். முடியாதென்றால், எடிசன் பெயரைச் சொல்லி அவனை வீட்டில் சும்மா வைத்திருக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நான்சி கொடுத்த படிப்பிலும் ஓட்டை இருந்தது. நியூட்டனின் நூலைப் படிக்க முயன்று தோற்றதிலிருந்து எடிசனுக்குக் கணிதம் என்றாலே கசப்பு. மின்விளக்கு வேலை சூடுபிடித்தபோது கணக்குப் போட அவருக்கு ஆள் தேவைப்பட்டது. 1878-ல் பிரான்சிஸ் அப்டன் வந்து சேர்ந்தார். பிரின்ஸ்டனிலும் பெர்லினிலும் முறையாகப் படித்தவர் அவர். பள்ளிப் படிப்பே வேண்டாம் என்பதற்கு எடிசனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் அப்டனைச் சொல்வதே இல்லை. எனக்கு அது பெரிய குறை.

சரி, இப்போது நீங்கள் செய்யவேண்டியது: அந்த ஆசிரியரை நேரில் பாருங்கள், முடிந்தால் தலைமையாசிரியரையும். எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் பையன் தடுமாறுகிறான் என்று சொல்லச் சொல்லுங்கள். ‘மந்தம்’ என்பது அதற்குப் பதிலாகாது என்றும், பிள்ளையின் காதுபட அப்படிச் சொன்னது தப்பு என்றும் தயங்காமல் சொல்லுங்கள். அவனுடைய கண்ணையும் காதையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எழுத்து கூட்டிப் படிக்கத் திணறுகிறானா என்றும் கவனியுங்கள். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு.

பள்ளிக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தன்னை மந்தம் என்று சொன்னதைக் கேட்டவன், அதற்கு அம்மா என்ன பதில் சொல்கிறாள் என்பதையும் கேட்கட்டும்.