சேவைக்கு வந்தவள் சம்பளக் கணக்கு கேட்கலாமா?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில், குழந்தைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பணியாளராக இருந்தேன். ஆறு வருடம் நான்கு மாதம் வேலை பார்த்தேன். சேர்ந்தபோது சம்பளம் 11,000 ரூபாய், கடைசியில் 18,000. சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியதும் ஒவ்வொருவரும் 3,000 ரூபாயை எடுத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு நன்கொடை ரசீது தருவார்கள். எங்கள் இயக்குநரை எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். மார்ச்சில் திட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லி, ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. கேட்டால், ‘சேவைக்கு வந்தவங்க கணக்குப் பார்க்கலாமா? வெளிநாட்டு நிதியில 20 சதவீதத்துக்கு மேல சம்பளம் போட முடியாதே’ என்கிறார் அக்கா. மொத்தம் 23 பேர் வேலை பார்த்தோம். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், சகோதரி. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது இப்போது முக்கியம், ஏனென்றால் ஒரு கதவு அண்மையில் மூடிவிட்டது.

1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய துணையாக இருந்தது. ஏழைகளுக்கு இலவசமாகச் சேவை செய்தாலும், ஊழியர்களைக் கூலிக்கு வைத்து நடத்துகிற அமைப்பு ‘தொழில்’தான் என்றது அது. அதை வைத்துத் தொழிலாளர் நீதிமன்றத்தில் மீண்டும் வேலை கேட்க முடிந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, முழுமையாகவோ பெருமளவிலோ தொண்டு செய்யும் அமைப்புகளின் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற சொல்லிலிருந்தே விலக்கிவிட்டது. மாலை வகுப்புக்கு நடந்து போகும் ஒரு பெண்ணுக்கு இருந்த பாதுகாப்பை எடுத்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. மீண்டும் வேலை கேட்டு நீங்கள் அலைய வேண்டாம். பணத்தைக் கேளுங்கள்.

முதலில் அந்த 3,000. ஊதியச் சட்டத் தொகுப்பில் தொண்டு நிறுவனம் என்பதற்காகத் தனி விலக்கு கிடையாது. அதன் 18-ஆம் பிரிவு, சட்டம் அனுமதித்த பிடித்தம் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. நாங்கள் பிடிக்கவே இல்லை, முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டோம், அவராகக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அதற்கும் அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே பதில் இருக்கிறது: ஊழியர் முதலாளிக்கோ அவருடைய ஆளுக்கோ கொடுக்கும் எந்தப் பணமும் பிடித்தமாகவே கருதப்படும்.

நீங்கள் அனுப்பிய ரசீதுப் படங்களைப் பார்த்தேன். உங்கள் ஜூலை மாத ரசீதின் எண் 1142. உங்களோடு வேலை பார்த்த இருவரின் ரசீதுகள் 1143, 1144. மூன்றிலும் ஒரே தேதி, ஒரே தொகை, ஒரே கையெழுத்து. மனமுவந்து கொடுக்கிறவர்கள் ஒரே நாளில் வரிசையில் நின்று ஒரே தொகையையா கொடுப்பார்கள்? வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியது 6-ஆம் தேதி, ஏடிஎம்மில் 3,000 எடுத்தது 7-ஆம் தேதி, ரசீதும் 7-ஆம் தேதி. இந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், ஊதியக் கோரிக்கைகளை விசாரிக்கும் அரசு அதிகாரிக்கு விளங்கிவிடும். அனுமதியில்லாத பிடித்தம் என்று அவரிடம் மனு போட்டால், பாக்கியைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல்தான். இதற்குக் கால வரம்பு மூன்று ஆண்டு. ஆகவே கடைசி 36 மாதத்துக்கு 1,08,000 ரூபாய் கேட்கலாம். அதற்கு மேல் இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு.

பாக்கிச் சம்பளத்தில் விவாதமே இல்லை. வேலையை விட்டு அனுப்பினாலும் நீங்களாக விலகினாலும், இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி: பத்துப் பேருக்கு மேல் வேலை பார்த்த இடம், ஐந்து ஆண்டுக்கு மேல் சேவை. இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. உங்கள் சம்பளச் சீட்டில் படி, அகவிலை என்று பிரிவு எதுவும் இல்லாமல் மொத்தமாக 18,000 என்றுதான் இருக்கிறது. 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆறு ஆண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 62,308 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால்தான் அடுத்த ஆண்டாகக் கணக்கிடுவார்கள், உங்களுக்கு நான்கு மாதம் என்பதால் ஆறு ஆண்டுதான். எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும்.

இருபது பேருக்கு மேல் இருந்ததால் வருங்கால வைப்பு நிதியும் கட்டியிருக்க வேண்டும். உமங் செயலியில் உங்கள் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு அங்கே செலுத்தாமல் இருந்தால் அது குற்ற வழக்காகவே ஆகும். போனஸ் மட்டும் கேட்க வேண்டாம். லாப நோக்கமில்லாத சமூக நல நிறுவனங்களுக்குச் சட்டம் அதில் விலக்குக் கொடுத்திருக்கிறது.

அந்த 20 சதவீதம் பற்றி. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது உண்மைதான். சிறிய நிறுவனங்கள் அதனால் திணறுவதும் உண்மை. ஆனால் நிறுவனத்தின் நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றுகிறவர்களின் சம்பளம், உதாரணத்துக்குப் பள்ளியில் ஆசிரியர் சம்பளம், நிர்வாகச் செலவில் சேராது என்று விதிகளே சொல்கின்றன. குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியவர் நீங்கள். உங்கள் சம்பளத்துக்கு இந்த வரம்பைக் காரணமாகக் காட்டுவது சரியல்ல.

ராஜினாமாவில் கையெழுத்துப் போட வேண்டாம். ஐந்து ஆண்டு முடிந்ததால் ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை போகாது. ஆனால் அந்தக் கடிதத்தில் ‘எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறது, அதற்காகத்தான் அவசரப்படுத்துகிறார்கள்.

வெளிநாட்டு நிதியைக் கண்காணிக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் நிதி கொடுப்பவர்களுக்கும் புகார் அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள் என்பேன். நிதி முடங்கினால் முதலில் நிற்பது அந்த மாலை வகுப்பு. உங்களோடு வேலை பார்த்தவர்களின் சம்பளமும் அதோடு போகும். உங்கள் பாக்கியை வாங்க அந்த வழி தேவையில்லை.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஒரே மனுவில் எத்தனை ஊழியர் வேண்டுமானாலும் சேரலாம் என்பதால், அந்த இரண்டு பேரிடமும் பேசிப் பாருங்கள். மூன்று பேராகப் போனால் ரசீது எண்களின் வரிசை தானாகப் பேசும்.

அக்கா மேல் இன்னும் பாசம் இருக்கிறது, நோட்டீஸ் அனுப்பினால் துரோகம் ஆகிவிடுமோ என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு முறை படித்தேன். சரி, முதலில் நோட்டீஸ் வேண்டாம். உங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள்: பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, நன்கொடை என்று வாங்கிய தொகை, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று மட்டும். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில், பதிவு வசதியோடு அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். அதற்கு முன் எல்லா ரசீதுகளையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து, வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் ‘இந்த மாத நன்கொடை இன்னும் வரவில்லை’ என்று வந்த செய்திகள் இருக்கும் அந்தப் பழைய போனை, திரை உடைந்திருந்தாலும், விற்றுவிடாதீர்கள்.