கபினித் தண்ணியும் நம்ம கதைகளும்

கேள்வி: அண்ணே, இருந்த எடத்த விட்டு வெளியேத்தப்பட்ட பழங்குடி மக்களப் பத்தி நம்ம எழுத்துல ஏன் ஒண்ணுமே காணோம்? நம்ம டெல்டாவுக்கு காடும் மலையும் தூரம்கிறதாலயா?
- வாசகி, திருவையாறு

பதில்: தூரம்னுதாம்மா நானும் ரொம்ப வருஷம் நெனச்சிட்டு இருந்தேன். ஆடிப்பெருக்குக்கு காதோலை கருகமணி விட்டு கும்புடுறோமே, அந்தத் தண்ணில கர்நாடகத்துல காவேரியோட சேர்ற கபினி ஆத்துத் தண்ணியும் இருக்கு. 1970கள்ல கபினி அணை வந்தப்போ மைசூர் மாவட்டத்து எச்.டி.கோட்டை பக்கத்துக் காட்டுல இருந்த ஜேனு குருபர், பெட்ட குருபர்ங்கிற பழங்குடி சனங்களோட ஹாடிங்க (அவங்க குடியிருப்புக்கு அதான் பேரு) முழுகிப் போச்சு, மிச்சம் இருந்தவங்களயும் அடுத்து நாகரஹொளே தேசியப் பூங்கான்னு சொல்லி காட்ட விட்டு அனுப்பிட்டாங்க, நெறய பேரு குடகு காப்பி எஸ்டேட் லைன் வீட்டுக்கு கூலியா போய்ட்டாங்க. ஜேனுன்னா கன்னடத்துல தேன், தேனெடுத்த சனம் காப்பிக் கொட்ட பறிக்குது. கர்நாடக ஹைகோர்ட் போட்ட கமிட்டி 2014ல சொன்ன கணக்குப்படி காட்ட விட்டு வெளியேத்தப்பட்டது 3,418 குடும்பம். 2025 மே மாசம் 52 குடும்பம் திரும்ப காட்டுக்குள்ள போயி, இது எங்க பாட்டன் எடம்னு உக்காந்தாங்க.

மேட்டூர்ல தண்ணி எறங்குனா பண்ணவாடி கிட்ட நந்தி செலையும் பழைய சர்ச் கோபுரமும் வெளிய தெரியும், டிவில காட்டுவாங்க, நாமளும் பாத்து உச்சுக் கொட்டுவோம். கபினி எறங்குனா தெரியறதுக்கு அந்த சனங்க கிட்ட கல்லு கட்டடம் கெடையாதும்மா, மூங்கித் தட்டியும் மண்ணும்தான், அது என்னைக்கோ கரைஞ்சிருக்கும். எழுத்துலயும் அதே கததான். அக்ரஹாரம், பண்ணை, கச்சேரி, கொள்ளிடத்து நாணல்னு நாம எழுதாதது இல்ல, ஆனா ஆத்த கல்லணைக்கு மேல ஏறிப் பாக்கல, பாத்தவங்களும் கோயிலயும் அருவியயும் பாத்துட்டு எறங்கிட்டாங்க. எனக்கு இதுல கோவம்தான் வருது. குருபர் பாஷைக்கு தனி எழுத்து கெடையாது, அவங்க கதையெல்லாம் பாட்டாத்தான் இருக்கு, பெருசுங்க போனா பாட்டும் போயிரும், லைன் வீட்டு வாசல்ல போய் உக்காந்து கேக்க ஆளு வேணும்.

கேள்வி: அப்ப தமிழ்ல படிக்க எதுவுமே இல்லையா?
- அதே வாசகி

பதில்: இருக்கு, கம்மி. ச.பாலமுருகன் எழுதின சோளகர் தொட்டின்னு ஒரு நாவல், 2004ல வந்துச்சு, அவரு வக்கீலு. வீரப்பன் தேடுதல்ல சத்தியமங்கலம் காட்டுல இருக்குற சோளகர்ங்கிற பழங்குடி சனம் அதிரடிப்படை கிட்ட பட்ட பாடு அது. ராத்திரில படிக்காதம்மா, தூக்கம் வராது. அந்தக் காட்டு ஓரமா வர்ற மோயாறும் பவானில சேந்து, கூடுதுறைல காவேரில கலந்து, உங்க ஊரு படித்துறைக்குத்தான் வருது.