பெருங்குடல் புண் அடங்கியிருக்கும்போது கொஞ்சம் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிற பெருங்குடல் புண் நோய். ஆறு மாதமாக ரத்தம் போகவில்லை, நோயெதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோபிரின் மாத்திரை சாப்பிடுகிறேன். நண்பன் கல்யாணத்தில் கொஞ்சம் குடித்தால் என்ன ஆகும்?

தம்பி, எனக்கும் இதே நோய்தான். பன்னிரண்டு வருஷமாகிறது. ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிற வேலை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர்ச் சாந்தை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, உடனே மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவ வேண்டும். நடுவில் எழுந்து போனால் அந்தக் கல் வீண். நோய் முற்றியிருந்த நாட்களில் காலையிலிருந்து மதியத்துக்குள் எட்டுத் தடவை எழுந்து ஓடியிருக்கிறேன். திரும்பி வந்தால் கலர் இறுகிக் கிடக்கும்.

குடியால்தான் இந்த நோய் வந்தது என்று எந்த டாக்டரும் என்னிடம் சொன்னதில்லை. அடங்கியிருக்கும்போது கொஞ்சம் குடித்தும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு, ஒரு கிளாஸிலேயே வயிறு புரட்டிப் போட்டவர்களும் உண்டு. ஆனால் ரத்தமோ சளியோ போகிற நேரத்தில் ஒரு சொட்டும் வேண்டாம். மது குடலின் உட்தோலை அரிக்கும். ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை இழுத்துவிடும்.

"கொஞ்சம்" என்கிறீர்கள். அதன் அளவைப் பாருங்கள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் "ஒரு டிரிங்க்" என்று படித்திருப்பீர்கள். அமெரிக்கக் கணக்கில் அது 14 கிராம் ஆல்கஹால். நம் ஊர் குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். கிட்டத்தட்ட 60 கிராம் வருகிறது, அதாவது நாலு டிரிங்க்குக்கும் மேல். 8 சதவீத ஸ்ட்ராங் பியர் 650 மில்லி பாட்டில் ஒன்று ஏறக்குறைய மூன்று டிரிங்க். பியரின் கேஸ் வேறு வயிற்றை உப்ப வைக்கும். தொட்டுக்கொள்ள மிளகாய் தூக்கலாகச் சுக்கா வறுவல் வரும். மறுநாள் வயிறு கலங்கினால் எதனால் என்றே தெரியாது.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன். எனக்கும் அசாதியோபிரின்தான். மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே மூன்று மாதம் ஆனது. அதன் பிறகுதான் முழுநாளும் அச்சு முன்னால் உட்கார முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் சாயந்திரம் பட்டறை ஆட்களோடு குடிக்க ஆரம்பித்தேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் அடிபடுவதைக் காட்டும் என்சைம் ஏறியிருந்தது. மதுரையில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரை ஒத்துக்கலை போல. நிறுத்திட்டு வேற பார்ப்போம்" என்றார். நான் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரிதான், "சார், இவுக தெனமும் சாயந்திரம் ஒரு குவாட்டர் போடுறாக" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "ஒரு மாசம் குடிக்காம வாங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். குடிக்காமல் போனேன். என்சைம் இறங்கியிருந்தது. மாத்திரை தப்பியது.

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்த மருந்தை ஒரு பொய்க்காக இழந்திருப்பேன். அதனால் குடிப்பதோ விடுவதோ, உங்கள் டாக்டரிடம் உள்ளபடி அளவைச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதுவும் கல்லீரலைப் பதம் பார்க்கும் மருந்து. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் தொடவே வேண்டாம் என்பார்கள். இன்னொன்று, குடித்த மறுநாள் தலைவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அடங்கிய குடலை அந்த மாத்திரையே கிளப்பிவிடக்கூடும்.

கல்யாணத்தில் கையில் கிளாஸைத் திணிப்பார்கள், அதுதான் கஷ்டம். போன தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்து மச்சான் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். "இன்னிக்கு ஒரு நாள்தானே மாப்ள" என்றார். "மச்சான், எனக்கு ரத்தமாப் போகும், கல்லீரலுக்கும் ஆகாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே உள்ளே போய் ஒரு சொம்பு நீர்மோர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.