வாசகர் கேள்வி பதில்: அடுத்தவுக வயலுக்குள்ள நடக்கலாமா?

கேள்வி: மகன் இங்கிலாந்துல வேலை பாக்குறான், மே மாசக் கடைசியில நானும் அவுகளும் போறோம். காட்ஸ்வோல்ட்ஸ்ங்கிற கிராமப் பகுதியில ஒரு ஊர்லேருந்து அடுத்த ஊருக்கு வயல் வழியாவே நடந்து போகலாம், நல்லா இருக்கும்ங்கிறான். அடுத்தவுக வயலுக்குள்ள நாம பாட்டுக்குப் போனா சத்தம் போடமாட்டாகளா? எனக்கு 63 வயசு, முழங்கால் லேசா வலிக்கும்.
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: தாராளமாப் போங்க ஆச்சி, ஒருத்தரும் சத்தம் போடமாட்டாக. அங்க நிலம் விவசாயி பேர்லதான் இருக்கும், ஆனா அது குறுக்க போற பாதையில நடக்குற உரிமை எல்லாருக்கும் உண்டு, அவரு அதை அடைக்கக்கூடாது, விதைக்கிறதுக்கு உழுதாருன்னா 14 நாளுக்குள்ள பாதையத் திரும்பச் சரிபண்ணிடணும், வயலுக்கு நடுவுல போற நடைபாதைன்னா குறைஞ்சது 1 மீட்டர் அகலமாவது விடணும்னு சட்டமே இருக்கு. நம்ம பக்கம் வண்டிப்பாதைன்னா பெரும்பாலும் பொறம்போக்குன்னு தனியா இருக்கும்ல, அங்க பட்டா நிலத்துக்குள்ளயே இந்த உரிமை ஓடுது. 1949ல ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு கவுண்டி கவுன்சிலும், நம்ம ஜில்லா நிர்வாகம் மாதிரி, தன் எல்லையில உள்ள பாதையெல்லாம் சர்வே பண்ணி மேப்புல ஏத்தணும்னு சொன்னாக, அதுல ஏறிட்டா அப்புறம் இங்க பாதையே இல்லன்னு யாரும் சாதிக்கமுடியாது. மலைக்காட்டுல நடக்குற உரிமைக்கு இன்னும் பெரிய போராட்டம். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி டெர்பிஷைர்ல கிண்டர் ஸ்கௌட்ங்கிற மலையில நூத்துக்கணக்கான தொழிலாளிக தடையை மீறி ஏறினாக, 5 பேரு ஜெயிலுக்குப் போனாக, அந்த மாதிரி மலை, பொட்டல்ல இஷ்டத்துக்கு நடக்கலாம்னு சட்டம் வர 2000 ஆயிருச்சு. இத்தனை பேரு கஷ்டப்பட்டு வாங்கின பாதை ஆச்சி அது, கூச்சப்படாம நடங்க.

உங்க முழங்காலுக்கு ஏத்ததுன்னா போர்ட்டன் ஆன் தி வாட்டர்லேருந்து லோயர் ஸ்லாட்டர், அங்கேருந்து அப்பர் ஸ்லாட்டர். முதல் துண்டு 2 கிலோமீட்டர் சொச்சம், ரெண்டாவது அதைவிடக் கம்மி, ஏத்தம் இறக்கம் பெருசா இல்ல. லண்டன் பாடிங்டன்ல ரயில் ஏறினா மோர்டன் இன் மார்ஷுக்கு ஒன்றரை மணி நேரம், அங்கேருந்து போர்ட்டனுக்குப் பஸ் இருக்கு, ஞாயித்துக்கிழமை மட்டும் பஸ்ஸை நம்பாதீங்க. போர்ட்டன்ல விண்ட்ரஷ் ஆறு ஊருக்கு நடுவுலயே முழங்கால் ஆழம்கூட இல்லாம ஓடும், மேல சின்னச் சின்னக் கல்பாலம், அங்கதான் டூரிஸ்ட் கூட்டம் அப்பும், ஊரைத் தாண்டி வயலுக்குள்ள இறங்குனதும் பாதி சத்தம் அடங்கிடும். நடுவுல ஒரு மெயின் ரோட்டைத் தாண்டணும், ரோமாபுரிக்காரவுக போட்ட பழைய ரோட்டுத் தடத்துலயே போற ரோடு அது, கார் வேகமா வரும், மகன் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டுங்க. லோயர் ஸ்லாட்டர்ல ஆத்தங்கரையில பழைய மாவு மில்லு, தண்ணிச் சக்கரத்தோட நிக்கிது. அங்கேருந்து அப்பர் ஸ்லாட்டர் போற புல்வெளிப் பாதைதான் எனக்கு அந்தப் பக்கத்துலயே ரொம்பப் பிடிச்சது, செம்மறியாடுக குட்டியோட மேஞ்சுக்கிட்டு இருக்கும், அவசரமே படாதீங்க. இங்கிலாந்துல எந்த ஊருக்குப் போனாலும் போர்ல செத்தவுக பேரைக் கல்லுல வெட்டி வச்சிருப்பாக, அப்பர் ஸ்லாட்டர்லேருந்து ரெண்டு உலகப் போருக்கும் போனவுக அத்தனை பேரும் உசுரோட திரும்பி வந்தாக, அப்படி ஊரு அந்த நாட்டுல ரொம்பக் கொஞ்சம்.

சாப்பாட்டுக்குப் பப்பை நம்பினா நெறைய இடத்துல 2, 2.30 மணிக்கெல்லாம் அடுப்பை அணைச்சிடுவாக. புளியோதரை கட்டிக்கிட்டுப் போங்க, சர்ச் வாசல் பெஞ்சுல உக்காந்து சாப்பிடலாம், குப்பையை மட்டும் பையிலயே எடுத்துட்டு வந்துடுங்க. மே கடைசியில ராத்திரி 9 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

கேள்வி: வழி தவறிட்டா? மாடு முட்டினா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஆர்ட்னன்ஸ் சர்வேன்னு அரசாங்க மேப் இருக்கு, ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் வரிசையில ஓ.எல். 45ங்கிற ஷீட்டு காட்ஸ்வோல்ட்ஸுக்கு, அதுல நடைபாதையெல்லாம் பச்சைக் கோடா விட்டுவிட்டுப் போட்டிருக்கும். போன்லயும் வருது, ஆனா வயக்காட்டுல சிக்னல் போயிரும், முதல்லயே டவுன்லோட் பண்ணிக்கங்க. கம்பத்துல மஞ்சள் அம்பு இருந்தா நடக்குறவுகளுக்கு, நீல அம்புன்னா குதிரையும் சைக்கிளும்கூட வரும். கேட்டு தெறந்திருந்தா தெறந்தே விடுங்க, மூடியிருந்தா மூடிட்டுப் போங்க, இது ரொம்ப முக்கியம், ஆடு வெளிய போயிட்டா அந்த விவசாயிக்கு எவ்வளவு பாடு. மாடு கன்னுக்குட்டியோட நின்னா மட்டும் நடுவுல புகுந்து போகாதீங்க, தள்ளி ஓரமாச் சுத்திப் போங்க. பிளாட்பாரம் இல்லாத ரோட்டுல வலது பக்கமா, வண்டிக்கு எதிர்முகமா நடங்க. சேறு எந்த மாசமும் இருக்கும், செருப்பு வேணாம், பிடிப்புள்ள ஷூ போடுங்க.

கேள்வி: அந்த ஊரு வீடெல்லாம் ஒரே தேன் கலர்ல இருக்கே, எப்படி?
– வாசகி, கோட்டையூர்

பதில்: மண்ணுக்கடியில கிடக்குற சுண்ணாம்புக் கல்லுதான் காரணம், பக்கத்துலயே வெட்டி அதுலயே கட்டினாக. காசு எங்கேருந்து வந்துச்சுங்கிறதுதான் நமக்கு நெருக்கமான கதை. செம்மறி ரோமம். 14, 15ஆம் நூற்றாண்டுல இத்தாலி வரைக்கும் போன அந்த ஆட்டு ரோமத்தை வித்த காசுல அந்த வியாபாரிக சொந்த ஊர்ல பெரிய பெரிய சர்ச்சாக் கட்டினாக, நார்த்லீச்ல இருக்கிறது அப்படிப்பட்டதுதான். பர்மாவுலயும் மலேயாவுலயும் சம்பாதிச்ச காசு கானாடுகாத்தான்ல தேக்குத் தூணா நிக்கிறதைப் பாத்து வளந்த நமக்கு அந்தத் தெருவுல நடக்கும்போது அந்நியமாவே இருக்காது. பைபரிங்கிற ஊர்ல ஆர்லிங்டன் ரோன்னு ஒரு வீட்டு வரிசை, 1380 வாக்குல ரோமம் சேத்து வைக்கக் கட்டினது, 17ஆம் நூற்றாண்டுல நெசவாளிக வீடா மாத்தினாக, அதையும் பாத்துட்டு வாங்க.

கேள்வி: இந்த மாதிரி நம்ம பக்கத்துல நடக்கமுடியாதா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: ஏன் முடியாது தம்பி, தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலேருந்து பழனிக்கு ஊர் ஊராத் தங்கி நடந்தே போறது எத்தனை தலைமுறையா நடக்குது. சாமிக்கு நடக்குறோம், சும்மா பாக்க நடக்குறது விட்டுப்போச்சு. மார்கழி, தையில விடிகாலையில பிள்ளையார்பட்டியிலேருந்து குன்றக்குடிக்கோ வயிரவன்பட்டிக்கோ நடந்து பாருங்க, சில கிலோமீட்டர்தான், கண்மாய்க் கரை, ஊருணி, மயில் எல்லாம் வழியிலயே. ஆனா மெயின் ரோட்டை விட்டு இறங்குனா பல வண்டிப்பாதை சீமைக்கருவேல முள்ளு மண்டிக் கெடக்கு, சிலது வேலிக்குள்ள போயிருச்சு, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். கிராம நிர்வாக அலுவலர்கிட்ட உங்க ஊர் கிராம வரைபடத்தைக் கேட்டுப் பாருங்க, பழைய பாதை அதுல கோடாப் போட்டிருக்கும், எது அடைஞ்சு கெடக்குன்னு நடந்து பாத்துக் குறிச்சுக்கங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு கிராம சபை கூடுது, நாலு கூட்டாளிகளோட போயி அதைத் தீர்மானமாப் போடச் சொல்லிக் கேளுங்க.