மாடியில் நெட் வருகிறது, பிரின்டர் மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி: கீழ்வீட்டில் ஃபைபர் கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போன ரூட்டர் இருக்கிறது. மாடிக்கு வைஃபை எட்டாததால் இன்னொரு ரூட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து மாட்டினேன். மாடியில் நெட் நன்றாக வருகிறது, ஆனால் கீழே இருக்கும் வைஃபை பிரின்டர் மாடி லேப்டாப்பில் தெரியவே இல்லை. பிரின்டரில் கோளாறா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பிரின்டர் நன்றாகத்தான் இருக்கும். அந்த கேபிளைப் புது ரூட்டரின் 'வேன்' (WAN, வெளியிலிருந்து நெட் வந்து சேரும்) போர்ட்டில் செருகியிருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அப்போது அது மாடிக்கென்று தனியாக ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கிவிடும். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், மாடியில் 192.168.0.5 மாதிரி ஒரு எண் வரும், அதுதான் நெட்வொர்க்கில் அந்தக் கருவியின் முகவரி, கீழே பிரின்டருக்கு 192.168.1.20 மாதிரி இருக்கும். மூன்றாவது எண் வேறு, அதாவது தெரு வேறு. "இங்கே பிரின்டர் யாராவது இருக்கீங்களா?" என்று லேப்டாப் கூப்பிடுவது அதன் தெருவுக்குள்தான் கேட்கும், ரூட்டர் அதை அந்தப் பக்கம் விடாது. (192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகத்துக்குள் மட்டும் புழங்க ஒதுக்கப்பட்டவை, அதனால்தான் பக்கத்து வீட்டிலும் அதே எண் இருந்தால் சிக்கல் வருவதில்லை.)

சரி, என்ன செய்வது? புது ரூட்டரின் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' (தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதைப் போட்டாலே வேலை முடிந்தது. இல்லையென்றால் முதலில் கேபிளைக் கழற்றிவிட்டு, புது ரூட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், கீழ் ரூட்டர் பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், அது வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கீழ் ரூட்டர் மற்ற கருவிகளுக்குத் தரும் எண்களில் இந்த எண் இல்லாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் புது ரூட்டரில் டிஹெச்சிபி-யை (DHCP) அணைத்துவிடுங்கள், இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் கருவிகளுக்கு எண் கொடுக்கும் வேலை அதனுடையது, ஒரே நெட்வொர்க்கில் இரண்டு ரூட்டர்கள் தனித்தனியாக எண் கொடுத்தால் சில நேரம் ஒரே எண் இரண்டு கருவிகளுக்குப் போய் இரண்டும் தடுமாறும். எல்லாம் சேவ் ஆன பிறகு கேபிளைப் புது ரூட்டரின் 'லேன்' (LAN, வீட்டுக் கருவிகளை இணைக்கும்) போர்ட்டில் செருகுங்கள், வேனில் வேண்டாம்.

லேப்டாப்பை ஒருமுறை வைஃபையிலிருந்து துண்டித்து மறுபடி இணைத்தால் புது எண் வாங்கிக்கொள்ளும். அப்போதும் பிரின்டர் தெரியாவிட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று 'கெஸ்ட்' (விருந்தாளிகளுக்கான) வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள், அதில் இருக்கும் கருவியை வீட்டின் மற்ற கருவிகளோடு பேச ரூட்டர் பொதுவாக விடாது.