பின்னமும் கால்குலேட்டரும்

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பின்னக் கணக்கை செல்போனில் ஆன்லைன் கால்குலேட்டர் வைத்துச் சரிபார்க்கிறாள். 3/4 ÷ 1/4 போட்டால் 3/16 என்று வருகிறது. புத்தகத்தில் 3. எதை நம்புவது ஐயா?
– ஒரு தாய், காட்பாடி

பதில்: புத்தகத்தைத்தான் அம்மா. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் முக்கால் கிலோ இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி, கால் கால் கிலோவாகப் பிரித்தால் மூன்று பங்குதானே வரும்? உங்கள் மகள் 3/4/1/4 என்று ஒரே ஓட்டமாக அடித்திருப்பாள். கால்குலேட்டர் இடமிருந்து வலமாகப் போகும். முக்காலை 1-ஆல் வகுக்கும், அப்புறம் 4-ஆல் வகுக்கும். அதனால்தான் 3/16. (3/4)/(1/4) என்று அடைப்புக்குறி போடச் சொல்லுங்கள், 3 வந்துவிடும்.

கலப்புப் பின்னத்திலும் கவனம் வேண்டும். இரண்டரையை இடைவெளி விடாமல் 21/2 என்று அடித்தால் அது பத்தரை ஆகிவிடும். (2+1/2) என்று அடிப்பது நல்லது. முழு எண்ணுக்குத் தனிக் கட்டம் இருந்தால் கவலையே இல்லை.

2/3 + 3/4-க்கு 1.41666 என்று தசமத்தில் காட்டினால் அதை நோட்டில் எழுத விடாதீர்கள். துல்லியமான விடை 17/12. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 12 என்று கண்டுபிடித்து, 8/12, 9/12 என்று மாற்றுவதை அவள் கையால் செய்தே ஆகவேண்டும். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விடையை முதலில் உத்தேசமாகச் சொல்லவும் பழக்குங்கள். என் வகுப்பில் அப்படிப் பழகிய பிள்ளைகள், தப்பான விடையைப் பார்த்ததுமே “இது இடிக்குது சார்” என்பார்கள்.